சாய்ந்த தென்னையை வெட்டும் முன்

புயல் அடித்து ஓய்ந்த தோப்புக்குள் முதல் ஒரு மாதத்துக்கு மரம் அறுக்கும் மெஷினை விடாதீர்கள். வழியை மறித்துக் கிடப்பதை அப்புறப்படுத்துங்கள், வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ விழப்போவதை இறக்குங்கள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவையுங்கள். எது செத்தது, எது சாகவில்லை என்று அந்த நேரத்தில் நம் கண்ணுக்குத் தெரியாது. பச்சைப்பசேல் என்று நிற்பது செத்துப்போயிருக்கும், மண்ணில் படுத்துக்கிடப்பது பிழைத்திருக்கும். 2018 நவம்பரில் இதை யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ பணமும் அதைவிட அதிகமாக நிம்மதியும் மிஞ்சியிருக்கும். அடுத்த புயல் எந்தக் கரையில் ஏறுமோ, அங்கே தோப்பு வைத்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று ஏக்கர். ஏக்கருக்கு எழுபது என்ற கணக்கில் இருநூற்றுப் பத்து மரம், எல்லாமே நெட்டை ரகம், என் மாமனார் இருபத்தைந்து அடி இடைவெளி விட்டு நட்டவை. அவர் புயலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. செய்தி கேட்டுத் துடித்தார், ஆனால் முதலாளி விடுப்புத் தரவில்லை. மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. தண்ணீர், காய் வெட்டு, வரவு செலவு எல்லாம் முன்பே என் கையில்தான் இருந்தது. வெட்டுக்கு வெட்டு வியாபாரி எண்ணிக் கொடுக்கும் பணத்தில்தான் பள்ளிக் கட்டணமும் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையும் ஓடிக்கொண்டிருந்தன.

கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று என்று வானிலைத் துறை சொன்னது. எங்களுக்கு முதலில் வடக்கிலிருந்து அடித்தது. பிறகு திடீரென்று ஓய்ந்தது. ஓய்ந்துவிட்டது என்று கதவைத் திறந்தவர்கள் பலர். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. புயலின் கண் கடந்து போனால் அப்படித்தான் திசை மாறும். மழையில் ஊறிய மண்ணில் முதல் காற்று வேரைத் தளர்த்தியது, மறு காற்று ஆளைச் சாய்த்தது. விடிந்ததும் தோப்புக்குப் போனேன். எனக்கு முதலில் உறைத்தது வெளிச்சம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தோப்பின் தரையில் வெயில் முழுசாக விழுந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது. அழுகை வரவில்லை. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன், ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததில் எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

சாலை திறந்ததுமே மரம் வெட்டும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லா மாவட்டத்திலிருந்தும் மெஷினோடு வந்தார்கள். முன்பெல்லாம் பட்டுப்போன தென்னையைக் கட்டைக்கு விலை கொடுத்து வாங்கிப்போனவர்கள், இப்போது நாம் பணம் கொடுத்தால்தான் தொடுவோம் என்றார்கள். என்னிடம் மரத்துக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். தூரைப் பிடுங்க ஜேசிபி தனி, மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைவில்லை. "நிக்கிறது, சாஞ்சது எல்லாத்தையும் ஒரேயடியா அடிச்சுத் தள்ளிட்டுப் புதுசா வையுங்க. இதெல்லாம் இனி தேறாது" என்று எல்லோரும் ஒரே பாட்டாகச் சொன்னார்கள். பக்கத்துத் தோப்புகளில் அப்படித்தான் நடந்தது. என்னிடம் அப்போது கையில் பணம் இல்லை. மின்சாரம் இல்லாமல் வங்கி இயந்திரமும் இயங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்களுக்குப் பல வருஷமாக மரம் ஏறிய பெரியவர் தோப்பைப் பார்க்க வந்தார்.

அவர் மரத்தின் அடியைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு மரத்தின் தலைமாட்டுக்கும் போய்க் குனிந்து, விரியாத நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். "ஆத்தா, தென்னைக்கு உசுரு உச்சியில ஒரே எடத்துலதான். அது கெட்டா எல்லாம் போச்சு. அது இருந்தா விழுந்தாலும் போகாது" என்றார். பிறகு ஒரு மரத்தின் குருத்து நுனியில், பக்கத்து மட்டைக்கு நேராக, சுண்ணாம்பால் கோடு போட்டார். அடுத்த வாரம் வந்து பார், கோடு மேலே நகர்ந்திருந்தால் மரம் வளர்கிறது என்றார். இதுதான் நான் கற்றதிலேயே பெரிய பாடம், செலவும் கிடையாது. நல்ல தென்னை வருஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மட்டை விடும், அதாவது ஏறக்குறைய மாதம் ஒன்று. ஒரு மாதம் பொறுத்தால் குருத்து நகர்ந்ததா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். சுண்ணாம்பு மழையில் கரைகிறது, பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவும் வேம்பும் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் வைத்திருக்கின்றன. கிளை போனால் தண்டிலிருந்து துளிர்க்கும், தண்டு போனால் அடியிலிருந்துகூடத் துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. குருத்துக்குள் பொதிந்திருக்கும் ஒரே ஒரு வளர்நுனி, அதிலிருந்துதான் மட்டை, காய் பிடிக்கும் பாளை, தண்டு எல்லாமே வரவேண்டும். கழுத்து முறிந்த மரத்துக்கு மீட்சியே இல்லை. ஆனால் தண்டில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் முறிந்து விழுந்த தலைகூடப் பல நாள் பச்சையாகவே கிடக்கும். அதைப் பார்த்து ஏமாந்து பணத்தைச் செலவழித்து அதை நிமிர்த்தியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வேர் பக்கம் கதை வேறு. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள், விரல் பருமனில், நாலாபுறமும் ஓடுகின்றன. பாதி அறுந்தாலும் மீதிப் பாதி தண்ணீர் கொடுக்கும், தூரிலிருந்து புது வேரும் கிளம்பும். அதனால் மரத்தின் மேல்பாதி தப்பியதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும், அடிப்பாதி அப்புறம்.

எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் கழுத்திலோ இடுப்பிலோ முறிந்தவை. அவற்றில் விவாதமே இல்லை. வேரோடு முழுசாகப் பெயர்ந்து அந்தரத்தில் தூர் தெரியக் கிடந்தவையும் போய்விட்டன. மிச்சம் இரண்டு வகை. சாய்ந்தும் ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தவை முப்பதுக்கும் மேல், நேராக நின்றவை இருபதுக்கும் கொஞ்சம் கூட. சாய்ந்த மரங்களை ஜேசிபி வைத்து நிமிர்த்தலாம் என்று யோசனை சொன்னார்கள். பெரிய மரத்தில் அதைச் செய்யாதீர்கள். இழுக்கும்போது மண்ணில் மிஞ்சியிருக்கும் வேரும் அறுந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் இளமரம் என்றால் கயிறு கட்டி மெதுவாக நிமிர்த்தி முட்டுக்கொடுக்கலாம், அது பிடித்துக்கொள்ளும். பெரியதைச் சாய்ந்த வாக்கிலேயே விட்டு, வெளியே தெரியும் தூரை மண் போட்டு மூடி மிதித்துவிடுங்கள். அந்த மண்ணுக்குள்தான் புது வேர் இறங்கும். அடி மட்டைகளில் ஒடிந்ததை மட்டும் கழியுங்கள். பச்சை மட்டையைப் பாரம் குறைக்கிறேன் என்று வெட்டவேண்டாம். ஒரு மட்டையின் கக்கத்தில் ஒரு பாளை, அதுதான் தென்னையின் கணக்கு. மரத்துக்குச் சோறு ஆக்குவதும் அந்த மட்டைதான்.

பொங்கல் நெருங்கும் சமயத்தில் அதைப் பார்த்தேன். தரைக்கு ஒரு முழம் மேலே படுத்தமாதிரி கிடந்த மரங்களின் தலை மட்டும் மேலே திரும்பியிருந்தது. பழைய மட்டைகள் பக்கவாட்டில் கிடக்க, நடுவிலிருந்து வந்த புதுக்குருத்து வானத்தைப் பார்த்து நேராக நின்றது. யாரும் கயிறு கட்டவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை. நான் அன்றைக்குத்தான் புயலுக்கு அப்புறம் முதல்முறையாக அழுதேன். அதுவரை வீட்டில் பிள்ளைகள் முன்னால் கல் மாதிரி இருந்தவள், அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதற்கு எப்படி மேல் எது, கீழ் எது என்று தெரியும் என்று மகளிடம் கேட்டேன். அவள் உயிரியல் பாடத்தில் படித்ததை வைத்து விளக்கினாள். தண்டில் சில செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. மரம் சாய்ந்தால் அந்த மணிகள் புதிய அடிப்பக்கத்துக்குச் சரிந்து இறங்கும். அதைத் தொடர்ந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி அந்த அடிப்பக்கத்தில் அதிகம் சேரும். அங்கிருக்கும் செல்கள் அதிகமாக நீளும், நுனி மேல்நோக்கி வளையும். வேரில் அதே ஆக்சின் நேர்மாறாக வேலை செய்து வேரைக் கீழே இறக்கும். டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் நாற்றுகளின் நுனியை வைத்துச் செய்த சோதனைகளை 1880-ல் வெளியிட்டார்கள், அதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சியெல்லாம் வளர்ந்தது என்றாள். முற்றிய தண்டு வளையாது, அது கல்லாகிவிட்டது. இனி வளரப்போகும் பகுதிதான் திரும்பும். அதனால்தான் அந்த மரங்களில் இன்றைக்கும் முழங்கை மாதிரி ஒரு மடக்கு இருக்கிறது. அந்த மடக்குக்குக் கீழே இருப்பது புயலுக்கு முந்தைய மரம், மேலே இருப்பது பிந்தையது.

அப்படியென்றால் மரத்துக்குப் பிழைக்கவேண்டும் என்ற ஆசை இல்லையா, வெறும் மாவுமணிதானா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. ராத்திரி கரண்ட் இல்லாத வீட்டில் விசிறிக்கொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தென்னை கடற்கரையில் தோன்றி வளர்ந்த மரம். அதன் முன்னோர்கள் எத்தனையோ ஆயிரம் தலைமுறையாகப் புயலைப் பார்த்தவை. சாய்ந்ததும் அப்படியே கிடந்த மரங்கள் காய் விடாமல் செத்தன, அவற்றின் வம்சம் அங்கேயே முடிந்தது. சாய்ந்தும் தலையைத் திருப்பிக்கொண்டவை காய்த்தன, அந்தக் காய் முளைத்தது. இன்றைக்கு என் தோப்பில் நிற்பது அந்த வரிசையில் கடைசி ஆள். பிழைக்கத் துடிக்காத எதுவும் இங்கே மிச்சமிருக்க வழியே இல்லை. மூளையும் நரம்பும் வந்த பிறகு அந்தத் துடிப்புக்கு நாம் பயம், பசி, ஆசை என்று பெயர் வைத்தோம். அதற்கு வெகுகாலம் முன்பே அது உயிருக்குள் இருந்தது. இப்படிப் புரிந்தபோது எனக்கு அந்த மரத்தின் மேல் மரியாதை குறையவில்லை, கூடியது. என் உடம்பும் அதே வரிசையில் வந்ததுதானே என்று தோன்றியது. சாப்பிடவே பிடிக்காமல் கிடந்த நாட்களிலும் உடம்பு தன் பாட்டுக்குப் பசித்தது. பசி என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

உயிர் பிழைப்பது என்றால் எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்வது அல்ல என்பதையும் மரம்தான் காட்டியது. தப்பிய மரங்கள் முதலில் குரும்பைகளை உதிர்த்தன. கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிஞ்சு கருகி விழுந்தது. நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்துக்கடைக்கு ஓடினேன். நோய் இல்லை. வேர் பாதியாகிவிட்ட மரம், தன்னால் ஊட்டமுடியாத பிள்ளைகளை விட்டுவிட்டுக் குருத்தைக் காப்பாற்றுகிறது. இந்த நேரத்தில் கடைக்காரர் கொடுக்கும் காய் பிடிக்கும் டானிக்கை வாங்கிக் கொட்டாதீர்கள். எனக்கு அதில் எட்டாயிரம் ரூபாய் போனது, ஒரு காய்கூட நிற்கவில்லை. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். தென்னையில் ஒரு பாளையின் கரு உருவாகி அது வெடித்து வெளியே வரச் சுமார் 32 மாதம் ஆகும், வெடித்த பாளையில் காய் முற்ற இன்னும் ஒரு வருஷம். ஆக 44 மாதம். புயலடித்த மாதத்தில் மரத்துக்குள் உருவாகிக்கொண்டிருந்த பாளைகளெல்லாம் அந்த அடியை வாங்கியவை. தப்பிய மரம் அடுத்த வருஷமே பழையபடி காய்க்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். எங்களுக்கு மூன்று வருஷத்துக்கும் மேல் பாதிக் காய்கூட இல்லை. வருஷத்துக்கு இரண்டு லட்சம் போல வந்துகொண்டிருந்த தோப்பு, முதல் வருஷம் இருபதாயிரத்தைத் தொடவில்லை.

நேராக நின்ற மரங்களில்தான் எனக்கு எதிர்பாராத இழப்பு. காற்றில் அவற்றின் தலை முறுக்கப்பட்டிருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து நடுக்குருத்து மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, அடியில் அழுகிய நாற்றம். குருத்தழுகல். காயம் பட்ட குருத்துக்குள் மழைத் தண்ணீர் தேங்கிப் பூஞ்சாணம் பிடித்துவிடுகிறது. எங்களுக்கு ஐந்து மரம் அப்படிப் போனது. புயலுக்குப் பிறகு, மழை முடியும் முன்பே, நின்ற மரங்களின் குருத்தில் போர்டோ கலவை ஊற்றிவிடுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்கவேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. ஏற்கெனவே அழுகியிருந்தால் அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கலவையைக் கெட்டியாகக் கரைத்த போர்டோ பசை தடவி, தண்ணீர் இறங்காமல் மூடவேண்டும். மரம் ஏற ஆள் கிடைப்பதுதான் அப்போது பெரும்பாடு. முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அடுத்தது வண்டு. பிழைக்கத் துடிப்பது நம் மரம் மட்டுமல்ல என்பது அப்போது நன்றாக உறைத்தது. வெட்டுப்பட்ட தென்னையிலிருந்து புளித்த வாடை வரும், அதைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து காயத்தில் முட்டையிடும். புழு தண்டுக்குள்ளேயே தின்று வளரும். தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்பாக வடியும் சாறு, மென்று துப்பிய நார் தெரிந்தால் அதுதான். காதை வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்கும். நான் கேட்டிருக்கிறேன், மறக்க முடியாத சத்தம். காண்டாமிருக வண்டு வேறு வழி. அது மட்கும் கட்டையிலும் குப்பைக்குழியிலும் பெருகி, பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டையைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருக்கும். புயலுக்குப் பின் டெல்டா முழுக்கக் கட்டைதான். அந்த வண்டுக்கு அது பொற்காலம். அறுத்த கட்டைகளை ஓரத்தில் அடுக்கிவைத்தால் ஒரு வருஷத்தில் அங்கிருந்தே உங்கள் கன்றுக்கு ஆபத்து வரும். கட்டைகளைப் பிளந்து வெயிலில் காயவிடுங்கள், முடிந்தால் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடுங்கள், விலை கேட்காதீர்கள். குப்பைக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம் தெளித்தால் புழு சாகும். நின்ற மரங்களின் உச்சி மட்டைக் கக்கங்கள் மூன்றில் வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து போடுங்கள். வண்டை வாடையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைத் தோப்பின் நடுவில், இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து வண்டையும் நாமே விருந்துக்கு அழைத்ததாகிவிடும்.

நிவாரணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் விழுந்ததைத்தான் எண்ணினார்கள், சாய்ந்து உயிரோடு இருந்ததை எண்ணவில்லை. "சாய்ந்ததையும் வெட்டிப் போட்டுவிட்டால் அதுக்கும் வரும்" என்று எனக்கு நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் உண்டு. கையில் காசில்லாத நேரத்தில் முப்பது மரத்துக்கு முப்பத்து மூவாயிரம் என்பது பெரிய ஆசைதான். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேறிய மரம் வருஷத்துக்கு நூறு காய் கொடுத்தால் ஒரே வருஷத்தில் அந்தத் தொகை வந்துவிடும், பிறகு இருபது முப்பது வருஷம் காய்க்கும். புதிய நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் காத்திருக்கவேண்டும். நான் வெட்டவில்லை. அவற்றில் இருபதுக்கும் மேல் இன்றைக்கும் காய்க்கின்றன. தாழ்வாகக் கிடப்பதால் பறிக்க ஆளே தேவையில்லை, மகனே எட்டிப் பறிப்பான்.

எனக்கு நிவாரணத்தில் தாமதம் ஆனதற்குக் காரணம் பட்டா மாமனார் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருந்தது. கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் மரக் கணக்கும் பழையது. வாரிசுச் சான்று, பங்காளிகள் கையெழுத்து என்று அலைந்து, பணம் கைக்கு வரும்போது வட்டிக்கு வாங்கிய தொகை ஏறிப்போயிருந்தது. கணவர் அனுப்பிய ஒரு லட்சத்து இருபதாயிரம், என் சங்கிலி அடகு, எல்லாம் அந்த வருஷத்திலேயே கரைந்தது. புயல் வந்த மறுநாளே, எதையும் நகர்த்துவதற்கு முன், ஒவ்வொரு மரத்தையும் பின்னணியில் ஏதாவது அடையாளம் தெரியும்படி செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். சார்ஜ் இல்லாத ஊரில் இதுவும் கஷ்டம்தான், டிராக்டர் பேட்டரியில் போட்டு எடுத்தோம்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் தோப்பை இழந்த விவசாயிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. எனக்கும் அந்த இருட்டு தெரியும். எவ்வளவு துடிப்பாக இருக்கும் உயிரையும் கடனும் தனிமையும் அமுக்கிவிடும். அப்போது மனசு சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. குறிப்பாக ஆண்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அண்ணன், நாள்முழுக்க விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார், யாரோடும் பேசமாட்டார். அவர் மனைவி தினமும் யாரையாவது கூட்டிவந்து அவர் பக்கத்தில் உட்காரவைப்பார். பேசவே வேண்டாம், சும்மா உட்காருங்கள் என்பார். அது அவரைக் காப்பாற்றியது என்றே நான் நம்புகிறேன். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அரசு உதவி எண் 104-க்கு அழையுங்கள், இப்போது 14416 என்ற எண்ணும் இருக்கிறது. தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. கடன்காரர் வீட்டுக்கு வரும் நாளில் யாரும் தனியாக இருக்கவேண்டாம்.

மற்ற மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழை மொத்தமும் படுத்தது, ஆனால் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததால் பக்கக்கன்று வந்துவிட்டது. வீட்டுக்கு முதலில் காசு கொடுத்தது அதுதான். வேலியில் நட்டிருந்த பூவரசும் கிளுவையும் முறிந்த இடத்திலெல்லாம் துளிர்த்தன. சவுக்கு முறிந்தால் விட்டுவிடுங்கள், அது அடியிலிருந்து துளிர்ப்பது அரிது. பனை பெரும்பாலும் அசையவேயில்லை. தோப்பின் வடக்குத் தெற்கு ஓரங்களில் நான் இப்போது பனை விதை போட்டிருக்கிறேன், பலன் பேரப்பிள்ளைகளுக்கு.

விழுந்த காய்களை வாங்க ஆளில்லை. வந்த விலைக்குக் கொடுத்தது போக, கொட்டகை ஓரம் குவித்துவைத்திருந்தோம். சித்திரை வாக்கில் பார்த்தால் குவியலுக்குள்ளிருந்து முளை கிளம்பியிருந்தது. மட்டை நார் நடுவே பச்சை மூக்குமாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றை உடைத்தேன். ஓட்டுக்குள் தண்ணீர் இருந்த இடத்தை நிறைத்துக்கொண்டு தேங்காய்ப்பூ, வெளியே மண்ணையே தொடாத வேர் நாருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மண் கிடைக்கும்வரை தன் பருப்பைத் தானே தின்று காத்திருக்கிறது. பிள்ளைகள் தேங்காய்ப்பூவைப் பங்குபோட்டுத் தின்றார்கள். நான் நின்ற மரங்களின் காயிலிருந்து மட்டும் கொஞ்சம் பிரித்து நாற்றங்கால் போட்டேன், மீதிக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்து ரகமான வேப்பங்குளம் 3 வாங்கினேன். கன்று வாங்கும்போது ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயது, ஆறு இலையாவது, கழுத்துச் சுற்றளவு பத்து சென்டிமீட்டர், கீற்று சீக்கிரம் பிரிந்திருப்பது, இவற்றைப் பாருங்கள். புயலுக்குப் பின் கன்றுக்குக் கிராக்கி வந்து எதையெதையோ லாரியில் கொண்டுவந்து விற்றார்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். கட்டை முழுசாக மட்கி வண்டு அடங்கும் முன் நட்ட கன்றுகள் எங்கள் ஊரில் நிறையப் போயின. நான் ஒன்றரை வருஷம் உளுந்தும் கடலையும் போட்டு ஓட்டிவிட்டு அப்புறம்தான் நட்டேன். கன்றுகளுக்கு நடுவே ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோ ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்த பானைகளைப் புதைத்துவைத்தால் காண்டாமிருக வண்டு அதில் விழுந்து சாகும்.

கடைசியாகக் காப்பீடு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் புயலுக்கு முன்பே இருந்தது, எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய். அதில் வாரியம் பாதி, மாநில அரசு கால் பங்கு போக நாம் கட்டுவது மூன்றரை ரூபாய், மரம் போனால் 1,750 ரூபாய் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. எங்கள் மொத்தத் தோப்புக்கும் வருஷத்துக்கு 735 ரூபாய் ஆகியிருக்கும். வேளாண் அலுவலகத்தில் இப்போதைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெட்டைக்கு ஏழு வயதாகவேண்டும், குட்டைக்கும் கலப்பினத்துக்கும் நான்கு. பட்டாவைத் தனிப்பட்டாவாக மாற்றி, அடங்கலில் மரக் கணக்கை வருஷாவருஷம் எழுதி வாங்கிவிடுகிறேன். மடக்கு விழுந்த பழைய மரங்களுக்கும் எண் போட்டுப் பதிவு செய்துவிட்டேன். ஏழு வயதாகாத கன்றுகளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கவேண்டும்.